அறிக்கை நன்கொடையாளருக்கு, கணக்கு குழந்தைக்கு

உதவி நிதியை நம்பி நடைபெறும் கல்விப் பணிகளுக்கு 2025ஆம் ஆண்டு கடுமையான சோதனை ஆண்டாக அமைந்தது. யு.எஸ்.எய்ட் என்னும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் 1961 முதல் பல நாடுகளில் பள்ளிகள், மதிய உணவு, ஆசிரியர் பயிற்சி போன்ற பணிகளுக்குப் பணம் வழங்கி வந்தது. அதன் திட்டங்களில் 83 விழுக்காடு நிறுத்தப்படுவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஜூலை முதல் நாளோடு அது தனி நிறுவனமாக இயங்குவதும் முடிவுக்கு வந்தது. அந்த நிதியைப் பெருமளவில் சார்ந்திருந்த அமெரிக்க ஆயர்களின் கத்தோலிக்க நிவாரணப் பணி அமைப்பும் இந்த அடியிலிருந்து தப்பவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில், அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியும் வந்தது. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவான கல்வி அறிவியல் நிறுவனத்தின் 89 ஒப்பந்தங்கள் ரத்து செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அவற்றின் மதிப்பு ஏறக்குறைய 90 கோடி டாலர். எந்தக் கல்வித் திட்டம் மாணவருக்குப் பலன் தருகிறது, எது தரவில்லை என்று கண்டறியும் ஆய்வுகளும் அவற்றுள் அடங்கும். முதல் செய்தியில் பணிகள் நின்றன. இரண்டாவது செய்தியில், எந்தப் பணி பயனுள்ளது என்று அறியும் வழியே நின்றது.

நம் நாட்டிலும் நிலைமை எளிதாக இல்லை. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் திருத்தப்பட்டது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்கு வழங்கவும் தடை வந்தது. பெரிய அமைப்பின் வழியாகச் சிறிய கிராம அமைப்புகளுக்குச் சென்ற உதவி இதனால் நின்றுபோனது.

இந்நிலையில் மாலை நேரப் படிப்பு மையங்களையும், இடைநின்ற பிள்ளைகளுக்கான இணைப்புப் பள்ளிகளையும், பெண் குழந்தைகளுக்கான விடுதிகளையும் நடத்தும் அருள்பணியாளர்கள், துறவியர், தொண்டு நிறுவனத்தார் அனைவர் முன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. பத்து மையங்களில் ஐந்தைத்தான் இனி நடத்த முடியும் என்றால், எந்த ஐந்து? எந்த மையத்தில் குழந்தைகள் உண்மையிலேயே கற்றார்கள்? இதற்குப் பதில் சொல்லும் ஆதாரம் கையில் இருக்கிறதா?

எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

நிதியுதவி பெறும் கல்வித் திட்டங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். இத்தனை மையங்கள் திறக்கப்பட்டன, இத்தனை குழந்தைகள் சேர்க்கப்பட்டனர், இத்தனை நோட்டுப் புத்தகங்கள் வழங்கப்பட்டன, இத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர் என்று பட்டியல் நீளும். குத்துவிளக்கு ஏற்றும் படமும், புத்தகப்பை பெறும் குழந்தையின் படமும் தவறாமல் இருக்கும். தணிக்கையாளர் கையொப்பமிட்ட வரவு செலவுக் கணக்கும் இணைக்கப்பட்டிருக்கும்.

இவை தேவையற்றவை அல்ல. பிறர் நம்மை நம்பிக் கொடுத்த பணத்துக்கு ரசீதும் கணக்கும் காட்டுவது நீதியின் முதல் படி. ஆனால் இவை அனைத்தும் நாம் கொடுத்ததன் கணக்கு. குழந்தை பெற்றுக்கொண்டது என்ன என்பது வேறு கணக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னதை இங்கு நினைவுகூரலாம்.

ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் நடந்தது நமக்கு நல்ல பாடம். ஐ.சி.எஸ். என்ற நெதர்லாந்து நாட்டுக் கிறிஸ்தவ உதவி அமைப்பு, அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஏழைப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகங்கள் வழங்க முன்வந்தது. உதவிக்குத் தேர்வான 100 பள்ளிகளுள் 25 பள்ளிகளுக்கு 1996இல் முதலில் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. பல குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் என்றிருந்த வகுப்பறைகள் அவை. புத்தகம் கிடைத்தால் படிப்பு உயரும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

பொருளியல் அறிஞர் மைக்கேல் கிரேமரும் அவருடைய சக ஆய்வாளர்களும் புத்தகம் பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். சராசரி மதிப்பெண்ணில் உயர்வு தென்படவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த மாணவர்கள் மட்டுமே பயன்பெற்றிருந்தனர். காரணம் எளியது. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டில் தாய்மொழி, வெளியில் சுவாகிலி என்று வளரும் அக்குழந்தைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. புத்தகம் கையில் இருந்தும் பெரும்பாலோரால் அதைப் படிக்க இயலவில்லை.

வழங்கிய புத்தகங்களை மட்டும் எண்ணியிருந்தால் இத்திட்டம் முழு வெற்றி என்றே அறிக்கை எழுதப்பட்டிருக்கும். நூறு ஆடுகளில் வழிதவறிய ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை நாம் நன்கு அறிவோம். நம் கல்வித் திட்டங்களின் எண்ணிக்கைகள் பெரும்பாலும் தொழுவத்தில் இருக்கும் ஆடுகளையே எண்ணுகின்றன. பின்தங்கிய குழந்தைக்காகத் தொடங்கிய திட்டம் முன்வரிசைக் குழந்தைக்கு மட்டும் பயன்பட்டால், அது தன் நோக்கத்தில் தவறிவிட்டது என்றே பொருள்.

முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்

மதிப்பீடு என்றாலே திட்டத்தின் முடிவில் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு நாள் தங்கி, பத்துப் பேரைச் சந்தித்து எழுதும் அறிக்கை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஒன்றை அவரால் அறிய முடியாது. இந்தக் குழந்தை சேர்ந்த நாளில் என்ன தெரிந்திருந்தது என்பதே அது. புறப்பட்ட இடம் தெரியாமல், கடந்த தூரத்தை யார் சொல்ல முடியும்?

ஆகவே மையம் திறந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு நிபுணர்கள் தேவையில்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வு, நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எளிய கருவி ஒன்றைக் கொண்டு குழந்தைகளின் வாசிப்பைச் சோதிக்கிறது. ஒரு தாளில் எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவிலான சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சிறு கதை என்று நான்கு படிகள். குழந்தையை அருகில் அமர்த்தி, தனியாக வாசிக்கச் சொல்ல வேண்டும். எந்தப் படி வரை தடையின்றி வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. கணக்குக்கும் இவ்வாறே எண்களை அறிதல், கழித்தல், வகுத்தல் என்று படிகள் உண்டு. ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.

இக்கருவி காட்டிய உண்மை கசப்பானது. 2024ஆம் ஆண்டின் அசர் அறிக்கைப்படி, ஊரக இந்தியாவில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 48.8 விழுக்காட்டினர்தாம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளிக்குச் சென்றும் அந்த அளவுக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கிறார்கள். இவர்களுள் பலர் நம் மாலை நேர மையங்களில் வந்து அமர்ந்து, பலகையில் உள்ளதைப் பார்த்து அழகாக நகல் எடுக்கிறார்கள். நோட்டு நிறைகிறது. வாசிப்பு வரவில்லை. தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஒழிய இது வெளியே தெரியாது.

ஒரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. ஒரு மையத்தின் ஆசிரியையே தம் பிள்ளைகளைச் சோதித்தால், அறியாமலேயே உதவி செய்துவிடுவார். தம் ஊதியமும் தம் மையமும் அந்த முடிவில் அடங்கியிருக்கும்போது இது இயல்பு. பக்கத்து ஊர் மையத்தின் ஆசிரியை இங்கும், இங்குள்ளவர் அங்கும் சென்று சோதிப்பது செலவில்லாத நல்ல தீர்வு.

ஒப்பிட்டுப் பார்க்காமல் உண்மை தெரியாது

ஜூன் மாதத்தில் எழுத்துக் கூட்டிய குழந்தை ஏப்ரலில் கதை வாசிக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இது மையத்தால் விளைந்ததா? அக்குழந்தை ஓராண்டு வளர்ந்திருக்கிறது. பகலில் பள்ளிக்கும் சென்றிருக்கிறது. மையமே இல்லாதிருந்தால் எவ்வளவு கற்றிருக்கும் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு எந்தத் திட்டத்தையும் நேர்மையாக மதிப்பிட முடியாது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. கொரோனா காலத்தில் பள்ளிகள் நீண்டநாள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, தமிழக அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தமிழக ஊரகப் பகுதிகளில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையை ஆராய்ந்தனர். கொரோனாவுக்கு முன்பே, 2019இல், அந்த ஊர்களில் குழந்தைகளின் நிலை பதிவு செய்யப்பட்டிருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

2021 டிசம்பரில் குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களில் அந்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. இந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு ஏறக்குறைய கால்வாசி என்று ஆய்வாளர்கள் கணித்தனர். எஞ்சியது பள்ளிகள் மீண்டும் திறந்ததால் வந்த பலன்.

இந்த ஒப்பீடு செய்யப்படாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆதரிப்போர் முழு மீட்சியையும் திட்டத்தின் சாதனை என்றிருப்பர். எதிர்ப்போர் எல்லாம் பள்ளி திறந்ததால் வந்தது என்றிருப்பர். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கால்வாசி என்பது சிறியதும் அன்று. குறைந்த செலவில் கிடைத்த பலன் அது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளே இவ்வகுப்புகளுக்குக் கூடுதலாக வந்தனர் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. உண்மையான அளவைச் சொன்னதால் திட்டத்தின் மதிப்பு குறையவில்லை, நம்பகத்தன்மையே கூடியது.

ஆனால் ஒப்பிடுவதற்காகச் சில குழந்தைகளை வேண்டுமென்றே ஒதுக்கி வைப்பது சரியா என்று மனச்சான்றுள்ள எவரும் கேட்பர். நல்ல கேள்வி. 2001 முதல் 2003 வரை குஜராத்தின் வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் அமைப்பு நடத்திய பால்சகி திட்டம் இதற்கு வழி காட்டுகிறது. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண்கள், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளைத் தனியே அழைத்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடங்களைக் கற்றுக்கொடுத்தனர். எல்லா வகுப்புகளுக்கும் ஆள் அனுப்ப நிதி இல்லை. எனவே வதோதராவில் பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும், மீதிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கும் பால்சகிகள் அனுப்பப்பட்டனர். எந்தப் பள்ளியும் விடுபடவில்லை. அதே வேளையில் மூன்றாம் வகுப்பை மூன்றாம் வகுப்போடும், நான்கை நான்கோடும் ஒப்பிட முடிந்தது. பால்சகி பெற்ற வகுப்புகள் தெளிவாக முன்னேறியிருந்தன.

நம் மையங்களிலும் நிலைமை இதுதான். எல்லா ஊர்களிலும் ஒரே ஆண்டில் மையம் திறக்கப் பணம் இருப்பதில்லை. எட்டு ஊர்களில் நான்குக்கு இவ்வாண்டும் மீதிக்கு அடுத்த ஆண்டும் என்று திட்டமிடும்போது, எட்டிலும் முதலிலேயே குழந்தைகளின் வாசிப்பைச் சோதித்து வைத்தால் ஒப்பீடு தானாகவே அமைந்துவிடும். முதல் நான்கு ஊர்களைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது இன்னும் சிறந்தது. செல்வாக்குள்ளவர் ஊருக்கு முதலில், பழக்கமானவர் தெருவுக்கு முதலில் என்ற பேச்சுக்கும் அதில் இடமில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் இறைவேண்டல் செய்து சீட்டுப் போட்டதை நாம் வாசிக்கிறோம். தகுதியில் சமமானோரிடையே சீட்டு என்பது நீதியான வழி.

நாற்பது குழந்தைகள் மட்டுமே உள்ள ஒரு மையத்தால் பெரிய ஆய்வு நடத்த இயலாது. நடத்த வேண்டியதும் இல்லை. அத்தகைய மையம் தன் முடிவை அளவோடு சொன்னால் போதும். எங்கள் மையத்தால் எல்லாரும் தேறினர் என்பதற்குப் பதிலாக, மையத்துக்கு வந்த பிள்ளைகளின் நிலை இவ்வாறு மாறியது, வராத பிள்ளைகளின் நிலை இவ்வாறு இருக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைக்கலாம்.

வராமல்போன குழந்தையின் பெயர்

ஜூனில் 50 குழந்தைகள் சேர்ந்தார்கள், ஏப்ரலில் 30 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 பேரில் 24 பேர் கதை வாசிக்கிறார்கள். அறிக்கையில் 80 விழுக்காடு வெற்றி என்று எழுதப்படும். ஆனால் சேர்ந்த 50 பேரில் 24 என்றால் 48 விழுக்காடு. எந்த எண்ணை எழுதுவது என்பதில் நம் நேர்மை அடங்கியிருக்கிறது.

விட்டுப்போன 20 பேர் யார்? பெரும்பாலும் அதிகம் தேவைப்பட்டவர்களே. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் சென்ற பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட அக்கா, பாடம் புரியாததால் வெட்கப்பட்டு வராமல்போன சிறுவன். வருகைப் பதிவேட்டில் இவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுக்கப்படுகிறது. அத்தோடு முடிந்தது. மாறாக, பெயர், நின்ற மாதம், நின்ற காரணம் என்று மூன்று விவரங்களை எழுதிவைத்தால், ஓராண்டு முடிவில் அந்தப் பட்டியல் எந்த நிபுணரின் அறிக்கையைவிடவும் அதிகம் கற்றுத்தரும்.

வெற்றிக் கதைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஒரே பானையில் ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது பொருந்தும். குழந்தைகள் அப்படி அல்லர். பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற ஒரு மாணவியின் கதை மற்ற 49 பேரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கதை எழுதத்தான் வேண்டுமென்றால், வென்ற ஒருவரின் கதையோடு விட்டுப்போன ஒருவரின் கதையையும் பெயர் மறைத்து எழுதுவோம்.

பாதி வழியில் பார்த்தால் திருத்தலாம்

மதிப்பீட்டின் பெரும் பயன் தீர்ப்பு வழங்குவதில் இல்லை, திருத்திக்கொள்வதில் இருக்கிறது. ராஜஸ்தான் மாநிலம் பில்வாரா மாவட்டத்தில் எஜுகேட் கேர்ள்ஸ் என்ற அமைப்பு 2015 முதல் 2018 வரை ஒரு திட்டத்தை நடத்தியது. பள்ளி செல்லாத பெண் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், பள்ளியில் உள்ள பிள்ளைகளின் கற்றலை உயர்த்துவதும் அதன் நோக்கங்கள். விளைவைப் பார்த்தே பணம் என்பது ஒப்பந்தம். தனி அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் குழந்தைகளைச் சோதித்து, திட்டம் நடைபெறாத பள்ளிகளோடு ஒப்பிட்டது.

இரண்டாம் ஆண்டின் முடிவில் கற்றலில் மூன்றாண்டு இலக்கின் பாதியளவே எட்டப்பட்டிருந்தது. ஒரே ஒரு ஆண்டுதான் எஞ்சியிருந்தது. களப்பணியாளர்கள் முடிவுகளை ஆராய்ந்து, வகுப்பு வாரியாக அல்லாமல் கற்றல் நிலை வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்தனர். வகுப்புக்கு வராத பிள்ளைகளை வீட்டுக்கே சென்று சந்தித்தனர். மூன்றாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் 160 விழுக்காடு எட்டப்பட்டது. அந்த அமைப்புக்கு 2025ஆம் ஆண்டின் மகசேசே விருது கிடைத்தது.

மூன்றாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டை மூன்றாம் ஆண்டு முடிவுக்குத் தள்ளிவைத்திருந்தால், குறை தெரியும்போது திருத்த நாள் இருந்திருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நான்கு படித் தாளைக் கொண்டு சோதித்து, நகராமல் நிற்கும் குழந்தைகளின் பெயர்களைத் தனியே எழுதி, அவர்களுக்கு வேறு வழியை முயல்வது எந்தச் சிறு மையத்தாலும் முடியும்.

இத்தகைய ஒப்பந்தங்களில் ஆபத்தும் உண்டு. பணம் முழுவதும் மதிப்பெண்ணைச் சார்ந்திருந்தால், சோதனைத் தாளுக்கு மட்டும் பயிற்சி தரும் ஆசை எழும். எளிதில் தேறக்கூடிய பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் ஆசையும் எழும். ஆகவே யாரைச் சேர்க்கிறோம் என்பதையும், வெவ்வேறு தாள்களில் குழந்தை வாசிக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செலவும் காலமும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஊர் வழக்கு. பலன் உண்டா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எந்தச் செலவில் என்றும் கேட்க வேண்டும். பால்சகி திட்டம் நடந்த காலத்தில் வதோதராவில் கணினி வழியாகக் கணக்குக் கற்பிக்கும் திட்டமும் நடந்தது. கணக்குப் பாடத்தில் கணினித் திட்டமே அதிக உயர்வைக் காட்டியது. ஆனால் அதற்கு ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 15 டாலர் செலவானது. பால்சகிக்கு ஆனது இரண்டேகால் டாலர்தான். ஒரே பணத்தைக் கொண்டு அதிகக் குழந்தைகளுக்கு உதவ விரும்புவோர் எதைத் தேர்வர் என்பது தெளிவு. கணினி அறை திறப்பு விழா படத்துக்கு அழகாக இருக்கும். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர் பாயில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பது அவ்வளவு அழகாகத் தெரியாது. கணக்கு வேறு கதை சொல்கிறது.

காலத்தையும் பார்க்க வேண்டும். பால்சகி திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது, பின்தங்கிய குழந்தைகளிடம் பலன் முழுதும் மறையவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்திருந்தது. இந்த ஆய்வில் ஈடுபட்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோருக்கும் கென்ய ஆய்வுகளை நடத்திய கிரேமருக்கும் 2019இல் பொருளியலுக்கான நொபேல் பரிசு வழங்கப்பட்டது. தாங்கள் பாராட்டிய திட்டத்தின் பலன் குறைந்ததையும் மறைக்காமல் எழுதியது அவர்களின் நேர்மைக்குச் சான்று. நம் மையத்தை விட்டுச் சென்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்பில், ஒன்பதாம் வகுப்பில் என்ன ஆனார்கள் என்று ஓராண்டு கழித்து ஒருமுறை விசாரிப்பதும் மதிப்பீட்டின் பகுதிதான்.

அளவுகோலுக்குள் அடங்காதவை

எல்லாவற்றையும் அளக்க முடியுமா என்று அருள்சகோதரிகள் பலர் கேட்பது நியாயமே. கூலி வேலைக்குச் சென்ற தாய் இரவு வீடு திரும்பும் வரை மகள் பாதுகாப்பாக அமர்ந்திருக்க ஓர் இடம், ஒதுக்கப்பட்ட தெருவின் பிள்ளையும் மற்ற தெருப் பிள்ளையும் ஒரே பாயில் அமரும் மாலைப் பொழுது, கேள்வி கேட்கத் துணிந்த ஒரு மீனவச் சிறுமியின் குரல். இவற்றை நான்கு படித் தாள் காட்டாது.

ஆனால் தாளில் அடங்காதவற்றையும் கேட்டு அறியலாம். மையம் மூடப்பட்டால் மாலை ஐந்து மணிக்கு உங்கள் மகள் எங்கே இருப்பாள் என்று தாயிடம் கேட்போம். கடந்த மாதம் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யார் பக்கத்தில் உட்கார விடவில்லை என்று குழந்தையிடம் கேட்போம். மையத்தால் பயன் உண்டா என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்றே சொல்வர். குறிப்பான கேள்வியே உண்மையான பதிலைத் தரும். எங்கள் பணியை அளக்கவே முடியாது என்ற சொல் வாசிக்கத் தெரியாத குழந்தையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. அன்பான இடத்தில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு வாசிக்கவும் தெரிய வேண்டும். இரண்டும் அதன் உரிமை.

கணக்கு யாருக்கு?

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு 2021 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. சமூகப் பொறுப்புக்கு ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவான திட்டங்களைத் தனி அமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நம் கிராமங்களில் சில ஆயிரம் ரூபாயில் நடக்கும் மையத்துக்கு இது பொருந்தாது. அதை மதிப்பிட எவரும் வரப்போவதில்லை. வெளிநாட்டு நிதி விதிகளிலோ அறிக்கை எழுதும் செலவும் நிர்வாகச் செலவில் சேர்கிறது. ஆகவே சிறிய மையங்கள் தங்களைத் தாங்களே, குறைந்த செலவில் மதிப்பிட்டுக்கொள்வதே நடைமுறையில் உள்ள வழி.

அப்படிச் செய்யும்போது ஓர் உண்மை புலப்படும். இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டியவர் நன்கொடையாளர் அல்லர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மையத்தின் முற்றத்தில் பெற்றோரைக் கூட்டி, ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் அதன் தாய் தந்தையரிடம் தனித்தனியே சொல்ல வேண்டும். உங்கள் மகன் ஜூனில் எழுத்துகளை அறிந்தான், இப்போது சொற்களை வாசிக்கிறான், பத்தி இன்னும் வரவில்லை என்று சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் இல்லாத பொறுப்பு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதன் பிறகு அந்தத் தாய் மையத்திடம் கேள்வி கேட்பார். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கேள்வி கேட்பார்.

நிதி நிற்கும் நாளிலும் இதுவே துணை நிற்கும். ஆழிப்பேரலைக்குப் பின் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நம் கடற்கரை ஊர்களில் ஏராளமான படிப்பு மையங்கள் தொடங்கப்பட்டன. நிதிக்காலம் முடிந்தபின் அவற்றுள் பல மூடப்பட்டன. புகைப்படங்களை மட்டும் வைத்திருக்கும் மையம் மூடப்படும்போது அதற்காக வாதாட எவரிடமும் ஆதாரம் இருக்காது. இந்த மையத்தால் இத்தனை பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள், ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதான் செலவு, நின்றுபோனவர்கள் இவர்கள் என்று சொல்லத் தெரிந்த ஊர் மட்டுமே பங்குப் பேரவையிடமும், ஊராட்சியிடமும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் தன் பிள்ளைகளிடமும் சென்று, இதை நாமே நடத்துவோம் என்று கேட்க முடியும்.

எனவே வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது, மையங்களை நடத்தும் நாம் ஒவ்வொருவரும் சிலவற்றைச் செய்வோம். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேராகவும் அதன் வாசிப்பு நிலையை எழுதுவோம். டிசம்பரிலும் ஏப்ரலிலும் மீண்டும் எழுதுவோம். நின்றுபோன பிள்ளையின் பெயரை அடிக்காமல் காரணத்தோடு வைத்திருப்போம். அந்த நோட்டை முதலில் பெற்றோரிடம் காட்டுவோம். அதிலிருந்து எடுத்த சுருக்கத்தை நன்கொடையாளருக்கு அனுப்புவோம். தாலந்துகளைப் பெற்ற பணியாளர் உவமையில் தலைவர் திரும்பி வந்து கணக்குக் கேட்டார். நம் மையங்களிலோ கணக்குக் கேட்க உரிமையுள்ளவர்கள் நாள்தோறும் மாலையில் நம் எதிரே வந்து அமர்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியாது என்பதால் நம் கடன் தீர்ந்துவிடாது.